நோய் சேர்க்காத மனு

மார்ச் 2

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. நான் கத்தினால் பேரன் எழுந்துவிடுகிறான். ஆகவே கடிதம்.

என் விசா அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது. பாப்பா பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்க ஜூலை ஆகிவிடுமாம். அதுவரை நான் இருப்பதற்கு நீட்டிப்பு கேட்க வேண்டும். நான் ஏன் இன்னும் இங்கே இருக்க வேண்டும், முடிந்ததும் ஏன் கட்டாயம் திரும்பிப் போவேன், இரண்டையும் ஊரில் இருக்கும் குடும்பத்தார் ஒருவர் எழுதித் தர வேண்டுமாம். நீட்டிப்பை மறுத்துவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அது கணினியில் பதிந்துவிடும், அப்புறம் பேரனைப் பார்க்க இன்னொரு விசா குதிரைக்கொம்பு என்கிறார் மாப்பிள்ளை.

ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிற மனிதர் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரைக் கேட்பேன்? என்னை வழியனுப்ப விமான நிலையம் வரை வந்துவிட்டு, நான் அழுதுகொண்டே உள்ளே போகும்போது, "பீரோ சாவி எங்க வச்சே?" என்று கேட்டீர்களே, அதை இன்னும் மறக்கவில்லை. இருந்தாலும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பேரனின் பாட்டி

*

மார்ச் 15

பெறுநர்: என் மனைவி அவர்கள், மகள் வீடு.
பொருள்: மனு அனுப்பி வைத்தது தொடர்பாக.

மேற்படி பொருள் தொடர்பாக உனக்குத் தெரிவித்துக்கொள்வது. சிரிக்காதே, கை அப்படிப் பழகிவிட்டது.

அவசரம் என்பதால் மனுவை ஜெராக்ஸ் கடைக்காரர் நேராக மாப்பிள்ளை போனுக்கு அனுப்பிவிட்டார். இந்தக் கடிதம் பின்னால் தபாலில் வரும். உனக்குத் தாங்க முடியாத மூட்டுவலி, இப்போதைக்கு விமானத்தில் உட்கார முடியாது என்று எழுதியிருக்கிறேன். உனக்கு மூட்டுவலி இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நோய் இல்லாத மனு எந்த மேஜையிலும் நகராது. தெருவிளக்கு கேட்டு வந்தவருக்கே ஆஸ்துமா என்று சேர்த்தேன். விளக்கு எரிகிறது. திரும்பி வருவதற்குக் காரணமாகச் சொந்த வீட்டையும் மொட்டை மாடியையும் காட்டியிருக்கிறேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். பீரோ சாவி இன்னும் கிடைக்கவில்லை. வெளியே கொடியில் கிடந்த இரண்டு சட்டைகளைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறேன். "என்னண்ணே, யூனிஃபார்ம் கொடுத்துட்டாங்களா?" என்று கேட்கிறார் ஜெராக்ஸ்காரர். சாவி எங்கே என்று யோசித்து எழுது.

தங்கள் உண்மையுள்ள,
வீட்டுக்காரன்

*

ஏப்ரல் 6

அன்புள்ள மனு எழுத்தருக்கு,

நீங்கள் கொடுத்த மூட்டுவலி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது தெரியுமா?

மாப்பிள்ளைக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. பாவம், எங்களிடம் காட்டாமலே மனுவை மொழிபெயர்ப்பவரிடம் கொடுத்து அப்படியே சேர்த்துவிட்டார். உங்கள் தபால் வருவதற்கு முன்னால் குடிவரவு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அவ்வளவு வலி என்றால் டாக்டர் சான்று எங்கே, சிகிச்சைக்குக் காப்பீடு எங்கே என்று கேள்வி. நேரில் போனோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி, கவுண்ட்டர் முன்னால் நிற்கிறேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கா மூட்டுவலி?" என்று கேட்டாள். மானம் போயிற்று. பாப்பாதான் மொழிபெயர்த்துச் சொன்னாள், அவளுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"இல்லைங்க. என் வீட்டுக்காரர் யாருக்கு மனு எழுதினாலும் ஒரு வியாதி சேர்ப்பார். கெட்ட எண்ணம் கிடையாது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. உண்மையை எழுதிய கடிதம் இம்மாதக் கடைசிக்குள் வர வேண்டும் என்றாள். அப்புறம் ஒன்று சொன்னாள். "அவர் வீட்டைப் பத்தி எழுதியிருக்கார், மாடியைப் பத்தி எழுதியிருக்கார். உங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. வீட்டை யார் வேணும்னாலும் வித்துடலாம். நீங்க எதுக்காகத் திரும்பிப் போவீங்க?"

பேரனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். படி இறங்கும்போதும் அதையேதான் யோசித்தேன்.

உங்களிடம் மறைப்பானேன்? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பூங்காவில் இரண்டு தோழிகள் இருக்கிறார்கள். பேரன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறான். பெற்றோருக்கென்று நீண்டகால விசா ஒன்று உண்டாம். "அதைப் போட்டுடலாம்மா, அப்பாவும் வந்தா வரட்டும்" என்கிறாள் பாப்பா. நீங்கள் அந்த மனு எழுதும் மேஜையை விட்டு வர மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் கடிதம் வரட்டும்.

இப்படிக்கு,
மூட்டுவலி இல்லாதவள்

*

ஏப்ரல் 16

உனக்கு,

படித்தேன். என்னால் உனக்கு அவமானம், மன்னித்துவிடு. புது மனு கீழே இருக்கிறது. நாலு தாள் கிழித்தேன். யாரும் திருத்த வேண்டாம்.

அதிகாரி அம்மாவுக்கு வணக்கம். என் மனைவிக்கு மூட்டுவலி கிடையாது. எழுதியது என் தவறு. மகள் வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஜூலை வரை ஆள் வேண்டும். காரணம் அவ்வளவுதான்.

அவள் கட்டாயம் திரும்புவாளா என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. அவள் சார்பில் உறுதி கொடுக்க நான் யார்? வர வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. அதை மட்டும் எழுதலாம். ஊரே என்னிடம் வந்து குறை சொல்கிறது. என் குறையைக் கேட்க இருப்பவள் அவள் ஒருத்திதான். அவள் போனதிலிருந்து என்னைத் திட்ட ஆளில்லை, வீடு வீடாகவே இல்லை. பீரோ பூட்டியிருக்கிறது. பூட்டு ரிப்பேர்காரர் என் மேஜைக்குப் பக்கத்து மேஜை. ஒரு வார்த்தை சொன்னால் திறந்து கொடுத்துவிடுவார். நான் சொல்லவில்லை. சாவி எங்கே என்று கேட்கும் சாக்கில்தான் அவளுக்குக் கடிதம் எழுதுகிறேன். அதுவும் போய்விட்டால் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

நீட்டிப்பு கொடுங்கள். முடிந்ததும் அவளை அனுப்பிவையுங்கள். இல்லை, அனுப்ப வேண்டாம். அவளாக வரட்டும்.

நான்

*

மே 3

என்னங்க,

நீட்டிப்பு கிடைத்துவிட்டது, ஜூலை முடியும்வரை. உங்கள் மனுவை பாப்பாவே மொழிபெயர்த்தாள். பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மீதியை எழுதினாள். அதற்கப்புறம் அவள் நீண்டகால விசா பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஜூலை இருபதுக்கு டிக்கெட் போட்டாயிற்று. அடுத்த வருடம் இரண்டு பேருமாகச் சேர்ந்து பேரனைப் பார்க்க வருகிறோம். மேஜை ஒரு மாதம் சும்மா கிடக்கட்டும், ஊர் ஒன்றும் கவிழ்ந்துவிடாது.

இன்னொன்று. பீரோ சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது. விமானத்தில் உட்கார்ந்தவுடனே பார்த்துவிட்டேன். மறுநாளே தபாலில் போட்டிருக்கலாம். நீங்கள் சாவியைத்தான் கேட்கிறீர்களா, என்னைக் கேட்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பூட்டுக்காரரைக் கூப்பிடாதீர்கள். புதுசாக இரண்டு சட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நான் வந்து திறக்கிறேன்.

உங்கள்
வீட்டுக்காரி