அளக்காமல் சொன்ன பேட்டரி

டிசம்பர் 3, புதன்

டுல்மாவோடு கார்ச் சந்தைக்குப் போய் வந்தேன். அவள் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி. தயிரும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தனியாளாக ஆறு வயது மகள் அனுவை வளர்க்கிறாள். மாதம் ஒருமுறை இருநூறு கிலோமீட்டர் தள்ளி, ஆடு மேய்க்கும் அம்மாவிடம் போக வேண்டும். அதற்குத்தான் கார்.

இரண்டு வண்டிகள் கட்டுப்படியாயின. பதினைந்து வருஷப் பெட்ரோல் வண்டி பெட்ரோலைக் குடிக்கும். ஆனால் கெட்டால் எந்த ஊரிலும் பிரித்துப் பூட்டிவிடுவார்கள். உதிரி பாகம் சல்லிசு. பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் பத்து வருஷ ஹைப்ரிட்டுக்குப் பாதி பெட்ரோல் போதும், லேசில் பழுதாகாது. பெரிய பேட்டரி போனால் மட்டும் வண்டி விலையில் கால்வாசியைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதை அளந்து பார்க்காமல் ஹைப்ரிட் வாங்காதே என்று பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லி வருகிறவன் நான்.

பேட்டரியை அளக்கும் ஸ்கேனரை ஹைப்ரிட்டில் சொருகினேன். திரையில் போன வாரம் பார்த்த வேறொரு காரின் எண்கள் அப்படியே நின்றன. கம்பி எங்கோ அறுந்திருக்கிறது.

விற்கிறவன் காலை உதைத்துக்கொண்டு நின்றான். “என்னண்ணே, கல்யாணத்துக்குப் பொண்ணா பாக்குறீங்க? கை விறைச்சுப்போச்சு!”

டுல்மா எட்டிப் பார்த்தாள். “நம்பர் எப்படிண்ணே இருக்கு?”

“நல்லா இருக்கு. எடுத்துக்கோ.”

மிஷின் கெட்டுப்போச்சு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஏன் சொல்லவில்லை? அவள் என்னை அப்படி நம்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள் — அதனாலா?

டிசம்பர் 9

கம்பி மாற்றினேன். டுல்மா வாங்கிய ஹைப்ரிட்டைக் கொண்டுவரச் சொல்லி ஒருமுறை அளந்துவிடலாம். நாளைக்கு.

ஜனவரி 12, திங்கள்

நேற்று அனுவோடு அம்மாவிடம் போகையில் டுல்மாவின் கார் நடுவழியில் நின்றுவிட்டது. பேட்டரி செத்தால் ஹைப்ரிட்டில் என்ஜினும் எழும்பாது, சூடும் வராது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு டிகிரி உறைகுளிர். மூன்று மணி நேரம் கழித்து ஒரு நிலக்கரி லாரி வந்து ஏற்றிக்கொண்டதாம். அனுவின் இடது காலில் இரண்டு விரல் உறைந்து கறுத்திருக்கிறது.

நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம்.

ஜனவரி 14

மருத்துவமனைக்குப் போனேன். என் மனைவி சர்னாய் சூப் எடுத்து வந்தாள். அனு தூங்கிக்கொண்டிருந்தாள். டுல்மா என்னைப் பார்த்ததும் அழுதாள்.

“எம்மேலதான் தப்புண்ணே. குளிர்ல போட்டு மிதிச்சுட்டேன். நீங்க அளந்து குடுத்த பேட்டரிய நான்தான் கெடுத்தேன்.”

நான் சொன்னது: “சில சமயம் அப்படியும் ஆகும்.”

எழுதவே கை கூசுகிறது. அந்த வாயால் வீட்டுக்கு வந்து சாப்பிடவும் செய்தேன்.

ஜனவரி 20

தெரியாத ஒருவன் போன் செய்தான். “தயிர் விக்கிற அக்கா சொன்னாங்க. நீங்க சரின்னா கண்ண மூடிட்டு வாங்கலாமாமே?”

தொண்டை கட்டியிருக்கிறது, வர முடியாது என்றேன்.

ஜனவரி 24, சனி

சொல்லிவிட்டேன். அனுவுக்கு ஒரு விரல் தப்பிவிட்டது. சின்ன விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகு இருக்க முடியவில்லை. டுல்மாவின் தயிர்க் கடைக்கே போனேன்.

“டுல்மா, அன்னிக்கு நான் அளக்கல. மிஷின் வேல செய்யல. திரையில நீ பாத்தது வேற வண்டியோட நம்பர்.”

நின்றிருந்த கிழவருக்குத் தயிரை ஊற்றிக் கொடுத்து, மூடியை அழுத்தி, சில்லறை எண்ணிக் கொடுத்தாள். பிறகுதான் திரும்பினாள்.

“ஆஸ்பத்திரில எம்மேல தப்புன்னு அழுதேனே. அப்ப எங்க பாத்துட்டு இருந்தீங்க?”

“தரைய.”

“ரோட்டுல அவ கால என் வயித்துல வெச்சு அணைச்சுக்கிட்டு, அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியலடா கண்ணு, மன்னிச்சுக்கோன்னு கேட்டேன். அந்த மூணு மணி நேரமும். அவகிட்ட.”

அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அண்ணே என்ற சொல் மட்டும் ஒருதரம்கூட வரவில்லை.

வீட்டில் சர்னாயிடமும் சொன்னேன். “அப்போ நான் சூப் ஊத்தும்போது எல்லாம் தெரிஞ்சுதான் பக்கத்துல நின்னீங்களா?” என்றாள். ஆமாம். தெரிந்துதான் நின்றேன்.

பிப்ரவரி 7, சனி

என் காரை விற்று நல்ல பேட்டரி செல்களாக வாங்கினேன். இன்று டுல்மாவின் பேட்டரியைப் பிரித்தேன். இருபத்தெட்டில் ஆறு செல் செத்துக் கிடந்தது. அளந்திருந்தால் அன்றே இரண்டே நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

நான் வண்டி பார்க்கும் கொட்டகையில் டுல்மா ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

“ஒவ்வொண்ணா அளங்க. நம்பர வாய்விட்டுச் சொல்லுங்க. மீட்டர் முள்ள நானும் பாக்குறேன்.”

சொன்னேன். காகிதத்தில் எழுதிக்கொண்டாள். பதினேழாவதை மறுபடி அளக்கச் சொன்னாள். அளந்தேன். பொதுமக்கள் எதிரில் உடுப்பைக் கழற்றி நிற்பதுபோல் இருந்தது. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.

முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கே கொண்டுபோய் வைத்திருப்பேன்?

பிப்ரவரி 16, திங்கள்

புத்தாண்டான வெள்ளை மாதப் பண்டிகைக்காக டுல்மாவும் அனுவும் விடியற்காலையில் அம்மா வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். உறை பனி, காற்று வேறு. பகல் முழுக்கக் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

இரண்டரை மணிக்கு சர்னாய் சமையலறையிலிருந்து வந்து, தன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். டுல்மா அவளுக்குத்தான் எழுதியிருந்தாள்.

“போய்ச் சேர்ந்தாச்சு அக்கா. வண்டி ஒண்ணும் பண்ணல.”