ட்ராக் பாடின குட்டி

செவ்வாய், இரவு.

நான் பாடிய புதுப் பாட்டின் இறுதி வடிவம் மாலையில் போனுக்கு வந்தது. போன பாட்டின் வீடியோவுக்குக் கீழே ‘நடிப்போடு நிறுத்திக்கொள்’ என்று பார்த்தவர்கள் எழுதித் தள்ளியிருந்தார்கள். அதனால் இந்த முறை சுருதி விலகிய இடத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் சரிசெய்யச் சொல்லியிருந்தேன்.

கொச்சி மட்டாஞ்சேரி வீட்டில் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டைப் போட்டேன். வழக்கமாக, மாதிரிக்கு வேறொருத்தி பாடிய ட்ராக்கைத்தான் வீட்டில் போட்டுப் பழகுவேன்.

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

“கொள்ளாம், நல்லா இருக்கு. ட்ராக் பாடின குட்டிக்கு நல்ல சாரீரம். நீ எப்போ பாடப் போறே?”

“அடுத்த வாரம்” என்றேன்.

தோசை தின்றேன். பாட்டு நாளைக் காலை வெளியாகிறது. என் பேரில்தான்.