எழுதாமல் விட்ட பகுதி

ஆனைக்குட்டம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரோஜாவுக்கு அப்பா சங்கிலிமுத்து எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் பயமாயிருக்கிறது.

போனில் பேசினால் உங்க அம்மா பக்கத்தில் வந்து காதை வைக்கிறாள். சென்னையில் உனக்குப் பதவி உயரப்போகிறது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால்தான், அச்சுப் பிசகின காலண்டர் தாளின் பின்பக்கம் இந்தக் கடிதம். முன்பக்கம் முருகனுக்கு மூக்கு ரெண்டாக விழுந்திருக்கிறது. கும்பிட்டுக்கொள்.

அன்றைக்கு உங்க அம்மா இல்லாத நேரம் போனில் நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். ஒன்பதாவதில் ரெண்டு தடவை உட்கார்ந்த மண்டை, தப்பிருந்தால் திருத்திக்கொள். பேங்க் கணக்கெல்லாம் ஓடுகிற உன் பெரிய மெஷின் திடீரென்று படுத்தால், அந்த நேரம் ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் கொட்டி எழுதி வைக்கும். எதை எழுதணும், எதை விடணும் என்று செட்டிங்கில் ஒரு வரி உண்டு. இடம் பத்தவில்லை, குறைத்துவிடு என்று உன் மேலதிகாரி ஹரிஷ்குமார் வாயால் மட்டும் சொன்னார். நீ குறைத்தாய். இப்போது மெஷின் படுத்துவிட்டது. ஏன் படுத்தது என்று பார்க்க வேண்டிய பகுதி மட்டும் எழுத்தில் இல்லை. யாரும் சொல்லாமல் நானாக மாற்றினேன் என்று எழுதிக் கொடு, இல்லாவிட்டால் கிளம்பு என்கிறார்.

எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார் தாயி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தம்பி செழியன் படிப்பு உன்னை நம்பி ஓடுகிறது. என்னை நம்பி நம்ம வீட்டுக் கோழிகூட இல்லை.

எங்கள் பட்டாசுக் கம்பெனி சங்கதி உன்னிடம் சொன்னதில்லை. வெடிமருந்து அடைக்கிற ரூமில் நாலு பேர்தான் இருக்கலாம் என்று சுவரில் எழுதியிருக்கிறது. தீபாவளி சீசன் என்பதால் ஏழு பேர் உட்கார்கிறோம். சோதனைக்கு அதிகாரி வந்தால் போர்மேன் அய்யாதுரை விசிலடிப்பார். மிச்ச மூணு பேர் கருவேலங்காட்டுக்குள் ஓடி ஒளியணும். நான் எப்போதும் மிச்சம்தான். நீ போன் பண்ணின மறுநாளும் ஓடினேன். முள்ளுக்குள் தும்மல் வந்து, அடக்கினதில் கண் ரெண்டும் பிதுங்கிவிட்டது. கூட ஒளிந்திருந்த பாலம்மாள் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சி, செத்தாலும் சத்தமில்லாமச் சாவுங்க என்றாள்.

அங்கன வைத்துத்தான் உன் மெஷின் எனக்கு விளங்கியது. அந்த ரூம் வெடித்தால் பதிவில் நாலு பேர்தான். உன் மெஷின் எழுதாமல் விட்ட பகுதி இருக்கே, அது நான்தான் தாயி.

எழுதிக் கொடு என்று சொல்லவும் வாய் வரவில்லை, வந்துவிடு என்று சொல்லவும் வழியில்லை. மாற்றினது என் கைதான் என்று எழுது, அது நிஜம். யாரும் சொல்லவில்லை என்கிற வரியை மட்டும் எழுதிவிடாதே.

வெள்ளிக்கிழமை மறுபடி அதிகாரி வருகிறாராம். ஒரு மட்டை மூக்குப்பொடி வாங்கி வேட்டி மடிப்பில் வைத்திருக்கிறேன். முள்ளுக்குள் ஒளிந்திருக்கையில் அதிகாரி காதில் விழத் தும்முகிற மாதிரி போடுவேனா, தெரியாது. உங்கப்பன் வீரம் உனக்குத் தெரிந்ததுதான்.

மாரியம்மன் உன் பக்கத்தில் நிற்கட்டும். நீ துணிந்தாய் என்று கேட்டால் எனக்கும் தும்மல் வரும்.

இப்படிக்கு, உன் நினைப்பாகவே இருக்கும்
அப்பா.