கலங்கல் கற்கள்

ஐப்பசி 18, செவ்வாய்
காலையில் தூறல். ஏரிப் பூங்காவின் மரப்பலகை நடைமேடை: கடைசி நாற்பது அடிக்கும் பலகை பொருத்தியாயிற்று. மண்பாதை, பனைகளை விலக்கி நான் வளைத்த வண்ணமே அமைந்துள்ளது. வெள்ளியன்று திறப்பு விழா.

பெயர்ப்பலகை வந்தது, கரையில் நட்டாயிற்று. ‘வடிவமைப்பு’ என்பதன் கீழ் என் பெயர். பின்னால் என்ன பட்டம் போடுவது என்று உதவிப் பொறியாளர் (இனி உ.பொ.) மறுபடியும் கேட்டார். பெயரே போதும் என்றேன். பதினோரு ஆண்டுகள் நூலகத்தில் அமர்ந்து கற்றதை எந்த எழுத்தால் சுருக்குவது?

வாங்க வேண்டியவை: குடை, அம்மாவுக்குக் கண் மருந்து.

ஐப்பசி 19, புதன்
கனமழை. மதுராந்தகம் பேருந்து தாமதம்.

ஏரி நிரம்பி வழியும் கலங்கலில், மதகு பார்க்கும் தனகோட்டியும் நான்கு பேரும். அதன்மேல் வரிசையாக நட்ட கற்களின் இடுக்குகளில் களிமண்ணும் வைக்கோலும் திணித்துக்கொண்டிருந்தனர். எதற்கு என்று வினவினேன்.

“இன்னாம்மா, கல்லு அழகுக்கா நட்டு வச்சிக்கீது? வருசா வருசம் மண்ணு அடிச்சி மூடுவோம். ரெண்டடி தண்ணி கூட நிக்கும். அதுலதான் கடைசி மடை நெல்லு பொழைக்குது.”

ஆட்கள் கடந்துபோவதற்கான கற்கள் என்றல்லவா எண்ணியிருந்தேன். கோடையில் அளந்தது. கலங்கலின் தளத்தையே ஏரியின் முழு மட்டமாகக் கொண்டு, அதற்கு ஓரடி மேலே நடைமேடையை வைத்துவிட்டேன். ஆக, ஓரடி மூழ்கும். மூன்று முறை கணக்கிட்டேன். அதே விடை.

ஐப்பசி 20, வியாழன்
மழை, விட்டு விட்டு. நீருக்கும் பலகைக்கும் இடையே நான்கு விரல்.

உ.பொ.விடம் தெரிவித்தேன், ‘என் பிழை’ என்ற சொற்களோடு. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கதவைச் சாத்தினார்.

“ஆளு வுட்டு அந்த மண்ண எடுத்துடலாம் மேடம். விழா முடியட்டும். நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்.”

மாலைவரை அவகாசம் கேட்டேன். கேட்டதே வெட்கம்.

கலங்கலில் ஓர் இடுக்கு மட்டும் பாக்கி. உ.பொ.வின் ஓட்டுநர் வழியே செய்தி முந்திவிட்டிருந்தது. தனகோட்டி கையில் மண்ணுருண்டையுடன் நின்றார்.

“உன் பலகைக்கோசரம் நிறுத்தணுமாமே. நீயே சொல்லிடும்மா.”

மூடுங்கள் என்றேன்.

உ.பொ.வுக்குக் கடிதம். சுருக்கம்: பிழை வடிவமைப்பாளருடையது. விழாவைத் தள்ளிவைக்கவும். கோடையில் நீர் இறங்கியதும் தூண்களை இரண்டடி உயர்த்த வேண்டும். மண்ணைத் தொட வேண்டாம். பெயர்ப்பலகை அங்கேயே இருக்கட்டும்.

ஐப்பசி 21, வெள்ளி
வெயில். விழா இல்லை. பதில் இல்லை. அம்மாவின் கண் மருந்து மறந்தேபோயிற்று.

கரையில் இரு பெண்கள். “தண்ணிக்குள்ள நடக்க ரோடு போட்டுக்கீறாங்க பாரேன்.” “அட, பேரு வேற போட்டுக்கீது.” நான்தான் அது என்று அறியார். நகராமல் நின்றேன்.

பி.ப. 3.40. நடைமேடைப் பலகைமேல் நீர், ஒரு விரற்கடை.
5.10. இரண்டு.