சிவந்துபோன வெள்ளித் தட்டு

சனிக்கிழமை, இரவு.

நாளை மருமகள் வித்யாவின் பெற்றோர் திருவெறும்பூரிலிருந்து சாப்பிட வருகிறார்கள். பாத்திரங்களைத் தேய்க்கும் வேலையை நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலில் செப்புக் குடத்தைப் புளித் தண்ணீரில் தேய்த்தேன். மிஞ்சிய தண்ணீரைக் கொட்ட மனமில்லை. அவர்கள் சீராகத் தந்த வெள்ளித் தட்டையும் அதிலேயே ஊறப்போட்டு, இரும்பு நாரால் தேய்த்தேன். தட்டு சிவந்துவிட்டது. தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது.

உள்ளே வெறும் செம்புதானோ, மேலே வெள்ளி முலாம்தானோ என்று தோன்றியது. அதை எப்படி அவளிடம் கேட்பது? தட்டைத் துண்டில் சுற்றி, அலமாரியில் என் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். சாயங்காலம் வித்யா தட்டைத் தேட ஆரம்பித்ததும் அவள் எதிரிலேயே வேட்டிகளுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினேன்.

பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"செம்பு தேய்ச்ச தண்ணியிலேயே இதையும் போட்டீங்களா மாமா?"

"புளி வீணாகுதேன்னு பார்த்தேன்மா."

"அந்தச் செம்புதான் இதுல ஏறியிருக்கு. எங்க அம்மாவும் ஒரு தடவை இப்படிப் பண்ணிட்டு, போலி வெள்ளின்னு நகைக்கடைக்கே சண்டைக்குப் போயிட்டாங்க. நீங்க பரவாயில்ல, வேட்டிக்கு அடியில ஒளிச்சதோட விட்டீங்க."

பல்பொடியை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தாள். வெள்ளி திரும்பி வந்தது. எனக்கும் மூச்சு வந்தது.

ஓரத்தில் இன்னும் லேசாகச் சிவப்பு இருக்கிறதோ? காலை வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

சம்பந்தியைச் சந்தேகப்பட்டதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நாளை அவருக்கு அந்தத் தட்டில்தான் சாப்பாடு. நெய்யை நானே ஊற்றுகிறேன்.