கோத்தகிரிக்கும் சேர்த்து எட்டு வண்டி

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மாவு அரைக்க மறந்தாச்சு. மதியத்துக்கு பன்னும் டீயும்.

தலைமை அலுவலகத்திலிருந்து மெயில். எங்க பார்சல் கம்பெனியோட கார்பன் புகையைக் குறைக்கணுமாம். மார்ச்சுக்குள் ஒவ்வொரு கிளையும் நாலு டீசல் வேனை விட்டுட்டு மின்வண்டிக்கு மாறணும். நான் பார்த்துக்கிற ஊரப்பாக்கம் குடோனுக்கும் நாலு, கோத்தகிரிக்கும் நாலு. ஊருக்கே ஒரே அளவுல சட்டை தைச்ச மாதிரி. மாறாத கிளையை மூடிடுவாங்க.

கோத்தகிரி கிளையைப் பார்த்துக்கிற ஸ்டெல்லா அக்கா உடனே போன். "உனக்கென்ன, சமதரை. இங்க லோடோட ஏறினா பாதி மலையில பேட்டரி தீர்ந்துடும். பெரிய பேட்டரி போட்டா விலை எங்கேயோ போகுது. சார்ஜ் போட கரண்ட் லைனே புதுசா இழுக்கணும். ஒன்பது பேர் பொழப்புடி."

அக்கா சொல்றது சரி. அங்கே ஒரு வண்டி மாத்துற செலவில் இங்கே ரெண்டு மாத்தலாம். ரோடு தட்டை, தூரம் குறைச்சல், குடோனிலேயே கரண்ட். அவங்க நாலுக்கும் பதிலா இங்கேயே இன்னும் நாலு மாத்திக்கலாம், கம்பெனிக்குக் கணக்கு எட்டுதான். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொல்லிடப் போறேன். என்னால் முடியும். இந்தப் பக்கம் ரூட் எல்லாம் எனக்கு அத்துப்படி.

டிரைவர்கள் ஒத்துக்கணும். தாஸ் அண்ணன் ஒத்துக்கிட்டா மத்தவங்க தானா வருவாங்க.

அக். 15, புதன்

மேகமூட்டம். சோதனைக்கு ஒரு மின்வண்டி வந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். தாஸ் அண்ணன் காட்டாங்குளத்தூர் ஹாஸ்டல் பார்சல் எல்லாம் போட்டுட்டு வந்தார். சார்ஜ் பாதிக்கு மேல் மிச்சம்.

"பரவால்ல மேடம், ஓடுது." அவர் வாயில் இதுவே பெரிய விஷயம். கோத்தகிரி நாலையும் சேர்த்து எட்டு எடுக்கிற யோசனையை அவர் காதில் போட்டு வச்சேன்.

வாங்க: ரசப்பொடி, குடை (பழசு கம்பி போச்சு).

அக். 16, வியாழன்

பேய் மழை. பதினோரு மணிக்கு முடிச்சூரிலிருந்து தாஸ் அண்ணன் போன். "வண்டி செத்துடுச்சு மேடம். நடுத்தண்ணில நிக்குது."

ஆட்டோ பிடிச்சு ஓடினேன். கணுக்கால் தண்ணி. நாலு பேர் தள்ளிக்கிட்டிருந்தாங்க.

என்னைப் பார்த்ததும் தாஸ் அண்ணன், "இன்னா மேடம், பொம்மை வண்டி! எட்டு இல்ல, ஒண்ணு கூட வாணாம். டீசலா இருந்தா இந்நேரம் வூட்டுக்கே போயிருப்பேன்."

தண்ணியில் என்ன பண்ணீங்கன்னு கேட்டேன்.

"எப்பவும் போறாப்ல தான். ஒரு கால் பிரேக்ல, ஒரு கால் ஆக்சிலேட்டர்ல. காலை எடுத்தா சைலன்சர்ல தண்ணி ஏறிடும்ல?"

2015 வெள்ளத்துக்கு அப்புறம் முடிச்சூர் பக்கம் ஓட்டுறவங்க எல்லாருக்கும் இதே பழக்கம்.

"அண்ணா, இதுல சைலன்சர் எங்க இருக்கு?"

குனிஞ்சு பார்த்தார். பின்பக்கம் போயும் பார்த்தார். இல்லை.

புதுக் குடைக்குள்ள நின்னு போனில் வண்டியோட கையேட்டைத் தேடிப் படிச்சேன். ரெண்டு பெடலையும் சேர்த்து மிதிச்சா வண்டி தானா நின்னுடும். முன்னாடியே படிச்சிருக்கணும், என் தப்பு. அணைச்சு மறுபடி போட்டு, நானே ஓட்டினேன், ஒத்தைக் காலால், தெருமுனை வரைக்கும். சுடிதார் முட்டி வரை சேறு. ஒரே சந்தோஷம். திமிருன்னே சொல்லலாம்.

அண்ணன் வந்து கதவைத் திறந்தார். "நகுருங்க மேடம், நான் ஓட்றேன்."

வழியில், "மலைக்காரங்க பங்கை நாம இன்னாத்துக்கு இழுத்துப் போட்டுக்கணும்?"

"அவங்களால முடியாது. நம்மால முடியும்."

பெருங்களத்தூர் வரை யோசிச்சார். "சரி, எட்டுன்னே சொல்லிடுங்க."

அக். 17, வெள்ளி

வெயில். மாடி முழுக்க ஈரத்துணி.

வீடியோ கூட்டம். எட்டையும் நாங்களே மாத்தறோம், கோத்தகிரியை விட்டுடுங்கன்னு சொன்னேன். தலைமை அலுவலகத்து சார் கேட்டார்: "எட்டுல ஒண்ணு குறைஞ்சாலும் உங்க குடோனைத்தான் மூடுவோம். எழுதித் தருவீங்களா?"

அப்பவே எழுதி அனுப்பிட்டேன்.

ஸ்டெல்லா அக்காவுக்குப் போன். அழுதுட்டாங்க. நடுவில் அவங்க பின்னால் ஒரு டீசல் வண்டி உறுமுற சத்தம்.

"மதிய லோடு, மேல ஏறணும். நிறுத்தச் சொல்லவா? நீ பேசுறது கேக்கல."

அந்தப் புகைக்கும் இனிமே நான்தான் பதில் சொல்லணும்.

"வேணாம்க்கா, கிளம்பட்டும்."