உள்குழாய் பீரோ மேல் இருக்கிறது

ஜெனிஃபர் அப்பாவுக்கு,

சோறு குக்கரில் இருக்கிறது. பங்கடா மீன் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். இன்று ஏழு மணிக்கு அன்பிய ஜெபக் கூட்டம் நம் வீட்டில். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ஹபீபா அக்காவிடம் கொடுங்கள். வரும்போது தயவுசெய்து வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

போன வாரம் சேசுராஜ் அண்ணன் வீட்டு ஜெபமாலை பாதியில் நீங்கள் வண்டியில் வந்து நின்ற சத்தத்தில், எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாமல் போய், முதலிலிருந்து தொடங்கினோம். எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். கேட்டால், "சைலன்சர் உள்குழாய மட்டுந்தான் கழட்டுனேன், கார்புரேட்டரயும் செட் பண்ணியாச்சு, எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாதுட்டி" என்கிறீர்கள். எஞ்சினைப் பற்றி இங்கே யார் அழுதார்கள்?

தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நீங்கள் ஒளித்த, சத்தத்தை அடக்கும் அந்தக் குழாயைத் துடைத்து பீரோ மேல் வைத்திருக்கிறேன். திரும்ப மாட்ட ஒரே ஒரு போல்ட்தானாம், மெக்கானிக் தௌசீப்பிடம் கேட்டுவிட்டேன்.

கிளாரா

குழம்பில் இரண்டு துண்டு ஜெனிஃபருக்கு. முடித்துவிடாதீர்கள்.

இன்னொன்று. முன்பு சந்துக்குள் எத்தனை வண்டி வந்தாலும் உங்கள் வண்டிச் சத்தம் எனக்கு மட்டும் தனியாகத் தெரியும். கேட்டதும் டீக்கு அடுப்பைப் பற்றவைப்பேன். இப்போது நீங்கள் தொண்ணூறடி ரோட்டில் திரும்பும்போதே, "உன் வீட்டுக்காரர் வந்தாச்சு" என்று ஊரே எனக்குச் சொல்கிறது.